பாலிசியில் இருந்த உன் பெயர்

அம்மா,

வெள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று இன்று காலை பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், அந்தப் பிளாஸ்டிக் உறை கிடைத்தது. பட்டன் வைத்த உறை. ஓரமெல்லாம் மஞ்சளேறிப் போயிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. பத்திரத்தை இன்சூரன்ஸ் ஆபீஸில் கொடுத்தாயிற்று. ஆனாலும் பட்டனைத் திறந்ததும் நீலகிரித் தைலத்தின் வாசனை குப்பென்று வந்தது. உன் முழங்காலிலும் தலையணையிலும் நீ பிடித்து நடந்த சுவரிலும் இருந்த அதே வாசனை. ஒரு நாள் காலை அந்த உறையை நீ இடுப்பில் செருகிக்கொண்டு திருப்பதியில் தனியாகக் கிளம்பிப் போனாய். அந்தக் காலை இன்னும் அதற்குள் அடைந்து கிடக்கிறது.

ஆட்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். "வேலைய உட்டுட்டு இன்னா எழுத்து?" என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

நம் உறவை வெளியாட்களுக்குச் சொல்லும்போது நான் விரலை மடக்கித்தான் சொல்வேன். நீ என்னைப் பெற்றவள். என்னைக் கட்டியவர் உன் கடைசித் தம்பி, என் தாய்மாமன். ஆகவே நீ எனக்கு அம்மா, நாத்தனாரும்கூட. அவருக்கு அக்கா, மாமியாரும்கூட. நகரிப் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். சித்தூர் கான்வென்ட்டில் எனக்கு ஆங்கிலம் நடத்திய சிஸ்டர் மட்டும் என் கல்யாணப் பத்திரிகையைப் படித்துவிட்டு, "மாமாவையா?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் வழக்கம், சிஸ்டர்" என்று நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். அன்று எனக்குள் எவ்வளவு அழுகை இருந்தது என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பிறகு அந்த மனிதரோடு நன்றாகவே வாழ்ந்தேன்.

உன் அம்மா கண்ணை மூடியபோது மாமா தவழ்கிற பிள்ளை. புதுப்பெண்ணாகப் புருஷன் வீட்டுக்குப் போன நீ, இடுப்பில் தம்பியையும் வைத்துக்கொண்டுதான் போனாய். உன் புருஷன், என் நைனா, ஒரு வார்த்தை சொன்னதில்லை. சில வருடம் கழித்து நான் பிறந்தேன். உன் கையால் சோறு உருட்டி வாங்கித் தின்ற வரிசையில் அவர் மூத்தவர், அடுத்து நான், தம்பிகள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால். அந்த வரிசை கடைசிவரை மாறவில்லை.

ரேணிகுண்டாவில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்த புதிதில், ஏஜென்ட் ஒருவர் பட்டறைக்கே வந்து இளவட்டங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாலிசி எழுதினாராம். உயிருள்ளவரை காப்பு, அறுபதோடு கட்டணம் முடிந்துவிடும் என்கிற வகை. "உனக்கு ஒண்ணு ஆயிட்டா பணம் யாருக்குப் போகணும்?" என்று கேட்டதற்கு மாமா யோசிக்கவே இல்லை. "அக்காவுக்கு" என்றார். நாமினி என்ற இடத்தில் உன் பெயர். உறவு என்ற இடத்தில் அக்கா.

அதன்பின் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. வெளியில் பெண் எடுத்தவர்கள் எல்லாரும் அந்தச் சமயத்தில் போய்ப் பெயரை மாற்றிவிடுவார்கள். புதிதாக ஒருத்தி வீட்டுக்கு வந்திருக்கிறாளே, அவளுக்கென்று ஏதாவது வேண்டாமா என்று யாராவது நினைவுபடுத்துவார்கள். நம் வீட்டில் புதிதாக யாரும் வரவில்லை. அக்கா வீட்டிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள், அவ்வளவுதான். "அக்கா பேரு இருந்தா இன்னா, உன் பேரு இருந்தா இன்னா? எல்லாம் ஒரே வூடுதானே" என்று மாமா சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இந்தத் தவறைச் செய்ய நம்மைப்போல் உறவுக்குள்ளேயே கட்டிக்கொள்கிறவர்களால்தான் முடியும்.

ஒரே வீடு என்பது எப்படி இருக்கும் என்று முதல் வருடமே தெரிந்துகொண்டேன். வடமாலபேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பட்டறை ஆட்கள் ஐந்து பேரைச் சாப்பிடக் கூட்டிவந்தார். அவர்களுக்குப் பரிமாறி அனுப்பிவிட்டு, டிரங்குப் பெட்டியில் நாலு புடவையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிற பெண் எப்படிப் போகவேண்டுமோ அப்படித்தான் போனேன், கண்ணைத் துடைக்காமல். நகரியில் இறங்கி, வெயிலில் நடந்து, வாசலை மிதித்தால், நடுவீட்டில் மணைமேல் மாமா உட்கார்ந்திருக்கிறார். யாருடைய மோட்டார் சைக்கிளிலோ எனக்கு முன்பே வந்துவிட்டார். நீ அவருக்குக் கறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய்.

"வந்துட்டியா பாப்பா? கை கழுவிக்கினு வா, ஆறிடப் போவுது."

"நான் கோவிச்சிக்கினு வந்திருக்கேன்மா."

"அவனும் அத்தத்தான் சொல்லிக்கினு துன்றான். குந்து."

நீயும் சிரித்தாய், நைனாவும் சிரித்தார், கடைசியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்றைக்கும் அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்று நினைத்தேன். மற்றப் பெண்களுக்குக் கோபம் வந்தால் போவதற்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே அவள் சொல்வதை மட்டும் கேட்க ஓர் அம்மா இருக்கிறாள். என் தாய்வீட்டில் என் புருஷன் எனக்கு முன்பே பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். நீ கெட்டவள் இல்லை, அம்மா. உனக்கு உன் பிள்ளைகளில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் பட்டது. பெரியவனுக்கு முதலில் பரிமாறினாய்.

பாலிசியை வாங்குவது ஒரு நாள் வேலை. வாங்கியபின் அதை வைத்துக் காப்பாற்றுவது கறவை மாடு வைத்திருப்பதுபோல. பார்க்காமல் விட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கட்டணத்தைக் கெடு முடிவதற்கு முன்பே கட்டினேன். ரசீதுகளை வருட வாரியாகக் கோத்து வைத்தேன். வடமாலபேட்டையை விட்டுத் திருப்பதிக்கு வீடு மாறியபோது, சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே முகவரி மாற்றத்துக்கு எழுதிப்போட்டேன். பாலிசியில் அவருடைய வயதை ஏஜென்ட் உத்தேசமாகப் போட்டிருந்தார். பள்ளிச் சான்றிதழைத் தேடிப்பிடித்துக் கொடுத்து அதைச் சரி செய்தேன். நான் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு எழுதுவதைப் பார்த்து நீ ஊரெல்லாம் சொல்லிவைத்தாய்: "எங்க கான்வென்ட்டுக்காரி கொழம்புகூட ஸ்கேல் வெச்சுத்தான் தாளிப்பா."

ஒரு முறை பட்டறை மூடிக்கிடந்தது. பல மாதம் சம்பளமில்லை, கட்டணமும் கட்டவில்லை, பாலிசி காலாவதியாகிவிட்டது. மாமா போனால் போகட்டும் என்றுவிட்டார். நான் விடவில்லை. ஐந்து வருடத்துக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விசாரித்து வந்தேன். பட்டறை திறந்ததும் பாக்கியை வட்டியோடு கட்டினோம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். நீயும் உடன் வந்தாய். டாக்டர் மாமாவின் மார்பையும் முதுகையும் தட்டித் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எடை போட்டார். நீ கதவோரம் நின்று என் காதில் சொன்னாய்: "மாடு புடிக்கறவன்கூட இத்தினி பாக்க மாட்டான்டி. பல்லத்தான் எண்ணல." டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர் சிரித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

இப்படி எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. உறையைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பத்திரத்தில் உன் பெயர். நான் கேட்டிருக்கலாம். மனைவி என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயரை எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அது தானாக வரவேண்டிய இடம். கேட்டு வாங்கிக்கொண்டு உட்காருகிற இடமா? அதோடு, உன் பெயரை எடு என்று உன் மகளே உன் தம்பியிடம் போய்ச் சொல்வதா?

நைனா போனபின் நீ எங்களோடு வந்து இருந்தாய். மாமாவுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்ததும் அந்தச் சமயத்தில்தான். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. முன் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். பட்டறை வேலைக்குப் பென்ஷன் கிடையாது. எங்கள் பிள்ளை புனேயில் வாடகை வீட்டில், இரண்டு குழந்தைகளோடு, தன் சம்பளத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மாமா போய்விட்டால் நான் யார் கையையும் பார்க்காமல் என் வீட்டில் என் அடுப்பில் சமைத்துச் சாப்பிட வேண்டுமென்றால், அதற்கு அந்தப் பாலிசி ஒன்றுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பணம் வருவதானால் இனி வங்கிக் கணக்குக்கு நேராகத்தான் வரும், கணக்கு எண்ணைப் பதிவு செய்யுங்கள் என்று இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து போனில் செய்தி வந்தது. போனேன். ஆபீஸில் இருந்த பெண் சின்னவள், தெலுங்குக்காரி, எங்களோடு பேசிப்பேசித் தமிழும் வரும். கணக்கைப் பதிந்துவிட்டுக் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நாமினி ஆயன... சாரோட அக்காவா? வயசு எண்பது தாண்டிடுச்சே."

"என் அம்மா" என்றேன்.

அவள் ஒரு நொடி குழம்பினாள், பிறகு புரிந்துகொண்டாள். சித்தூர் ஜில்லாக்காரிதானே. "அம்மா முன்னாடி போயிட்டாங்கன்னு வெச்சுக்குங்க, நாமினி இல்லாத பாலிசி ஆயிடும். அப்புறம் வாரிசுன்னு கோர்ட்ல சர்டிபிகேட் வாங்கினு வரணும். மாசக்கணக்கா திரியணும் மேடம். இப்பன்னா ஒரு காகிதம், ஆயன சந்தகம், கையெழுத்து, இந்த பாண்ட். அவ்ளோதான்." காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். வேறு பெயர் எழுதச் சொல்கிறார்கள் என்றேன். யார் பெயர் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அக்கா பேர அடிக்கறதா? உயிரோட கீறப்பவா?" என்றார். "உயிரோட கீறவங்க பேர யாரனா அடிப்பாங்களா? நீ படிச்சவதானே?"

"அடிக்கிறது இல்லை, மாத்தறது."

"ரெண்டும் ஒண்ணுதான். அவளாண்ட பணம் போனா உனக்குக் குடுக்க மாட்டாளா?"

"கொடுப்பா. இருந்தா கொடுப்பா."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், கை மார்பின்மேல் இருந்தது. அதற்குமேல் பேச எனக்குத் தைரியமில்லை.

உயிரோடு இருக்கிறவர் பெயரை அடிக்கக் கூடாது என்கிற நம்பிக்கையை அவருக்கு ஊட்டியவளே நீதான். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் வரைக்கும் உங்கள் ரேஷன் கார்டில் என் பெயர் இருந்தது. மண்டல ஆபீஸில் எடுக்கச் சொன்னதற்கு, "உயிரோட கீற பொண்ணு பேர அடிச்சிட்டு நான் எந்தச் சோத்தத் துன்றது?" என்று கேட்டு அந்த எழுத்தரை எழுந்து நிற்கவைத்தவள் நீ. அப்படிப்பட்டவளிடம் போய் என்ன சொல்வது? நீ பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். உனக்குக் காது மந்தம் என்று எங்களை நம்பவைத்திருந்தாய். நாங்களும் நம்பியிருந்தோம்.

மறுநாள் காலை உன்னைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பாய் என்று பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா, "பெத்தம்மா ஆட்டோ ஏறினாங்களே, இடுப்புல ஏதோ கவர்" என்றாள். பீரோவைத் திறந்தேன். உறை இல்லை. இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

ஆபீஸ் வாசலுக்கு வரும்போதே உன் குரல் கேட்டது. அந்தப் பெண்ணின் மேஜைக்கு எதிரே நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாய். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வரிசையை விட்டுவிட்டு உன்னைச் சுற்றி நின்றார்கள்.

"நா பேரு காதா இதி? என் பேருதானே, நானே எடுத்துக்கினு போறேன்னு சொல்றேன். உனக்கு இன்னா கஷ்டம்?"

"அவ்வா, மீரு செய்யலேரு. பாலிசி ஆயனதி. ஆயனே சந்தகம் பெட்டாலி." அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். உன்னால் முடியாது, அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று.

"அவன் போட மாட்டேன்றான். அதனாலதானே நான் வந்துகீறேன்? எழுதினப்ப என்னக் கேட்டீங்களா? இல்ல. இப்ப நானே வாணாம்ன்றேன், அதுவும் ஆவாதா? நல்லாகீதே உங்க ஞாயம்!"

"வாணாம்னு யாரும் இதுவரைக்கும் வந்ததில்லை அவ்வா" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "வேணும்னுதான் வருவாங்க."

"நீ உன் வேலையப் பாரு நைனா" என்றாய் திரும்பாமலே. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் என்னைப் பார்த்தாய். திருடி மாட்டிக்கொண்டவள் முகம் இல்லை அது. ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறாய் என்கிற முகம்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது, "அந்தக் காயிதத்துல இன்னா எழுதணுமோ எல்லாம் எழுதி வெச்சுடு பாப்பா. சந்தகம் ஒண்ணுதான் பாக்கின்னு இருக்கணும்" என்றாய்.

"அவர் போடமாட்டாரும்மா. நீயே கேட்டாலும்."

"அக்கா கேட்டா போட மாட்டான். அது எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார், மேலுக்குத் துண்டுகூட இல்லாமல். நான் அவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவு பாதி சாத்திக்கொண்டது. பார்த்தால் கதவுக்குப் பின்னால் உன் புடவை விளிம்பும் கால் விரல்களும் தெரிந்தன. தலையில் முந்தானை போட்டிருந்தாய். பழைய நாளில் நம் வீடுகளில் மாமியார்கள் மாப்பிள்ளைக்கு எதிரில் வரமாட்டார்கள். இப்படித்தான் கதவுக்குப் பின் நின்று பேசுவார்கள். நம் வீட்டில் அந்த வழக்கத்துக்கு வேலையே இருந்ததில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு எதிரே யார் முக்காடு போடுவார்கள்?

"மாப்பிள்ளைக்கு ஒரு சங்கதி சொல்லணும்" என்றது கதவு. ஆமாம், எனக்கு அது உன் குரலாகவே தோன்றவில்லை.

மாமா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "அக்கா? இன்னா கூத்து இது?"

"அக்கா வெளிய போய்க்கீறாங்க. நான் பொண்ணப் பெத்தவ பேசறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது, நீ நிறுத்தவில்லை.

"எங்க பொண்ண உங்களுக்குக் குடுத்தப்ப நாங்க ஒண்ணும் பேசிக்கல. வூட்டுப் புள்ளயாச்சேன்னு உட்டுட்டோம். பொண்ணுக்கு இன்னா போடுவீங்க, இன்னா எழுதி வெப்பீங்கன்னு வேற எடமா இருந்தா கேட்டிருப்போம். அது எங்க தப்பு. எங்க பொண்ணும் வாயத் தொறந்து கேக்கற பொண்ணு இல்ல, வீம்பு புடிச்சது. அதனால இப்ப நான் கேக்கறேன். எங்க பொண்ணு பேர்ல எழுதிக் குடுங்க, மாப்பிள்ளை."

நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா பேர எப்படி அடிப்பேன்?" என்றார் மாமா.

"அந்தப் பேர எழுதினது ஒரு கண்ணாலம் ஆவாத புள்ள. அத்த நான் கேள்வி கேக்கல. நான் எங்க வூட்டு மாப்பிள்ளையக் கேக்கறேன்."

அப்போது அவர் ஒன்று செய்தார், அம்மா. நீ கதவுக்குப் பின்னால் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய சட்டையைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டார், கழுத்துப் பட்டன் வரைக்கும். மாமியார் இருக்கிற இடத்தில் வெற்றுடம்போடு உட்காரக் கூடாதென்று. பிறகு என்னிடம், "பேனா குடு" என்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் ஊதி ஆறவைத்தேன்.

கதவு திறந்தது. முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிச் செருகிக்கொண்டே வந்தாய். "டேய் சின்னவனே, மாத்திர போட்டியா இல்லியா? இன்னாத்துக்குச் சட்டயப் போட்டுக்கினு வேத்துக்கினு கீற?" அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். நீ அவர் சட்டைப் பட்டன்களைக் கழற்றிவிட்டாய்.

அன்று ராத்திரி வயிறு சரியில்லை என்று நீ சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

பத்திரம் பதிவாகித் திரும்பி வந்தபோது, "என் பேரு இப்ப எங்க கீது?" என்று கேட்டாய். திருப்பிக் காட்டினேன். முன்பக்கத்தில் உன் பெயர் அச்சடித்தபடியே இருந்தது. புதுப் பெயரைப் பின்பக்கத்தில் பதிந்து முத்திரை போட்டிருந்தார்கள். "யாரும் அடிக்கவில்லையே!" என்று நான் சொன்னதும் தைலம் தேய்த்த விரலால் உன் பெயரை ஒரு முறை தடவிப் பார்த்தாய். பிறகு காகிதத்தைத் திருப்பி என் பெயரையும் தடவினாய். "எல்லாம் பூச்சி பூச்சியா கீது, எது யாரு பேருன்னு தெரியல" என்றாய். உனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஆடிக்கு நீ இல்லை. முதலில் போனவள் நீதான். அந்தப் பெண் சொன்னபடி, அந்தக் கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் பத்திரத்தில், உயிரோடு இல்லாத ஒருத்தியின் பெயர் மட்டும் இருந்திருக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது மாமா வாசல்வரை நடந்து வந்தார், நடக்கக் கூடாது என்று சொல்லியும். அதன்பின் அவரும் அதிகநாள் இருக்கவில்லை. உன்னை அதிகநாள் காத்திருக்கவைக்க அவருக்கு மனம் வராது.

கருமம் முடிந்து ஆபீஸுக்குப் போனேன். இறப்புச் சான்றிதழ், பத்திரம், என் வங்கிப் புத்தகம். அதே பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எழுதவேண்டியதை எல்லாம் அவளே எழுதினாள். நான் ஓர் இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினாள். உறவு என்ற இடத்துக்கு வந்ததும் என்னைக் கேட்கவில்லை. மனைவி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அவளுக்கு அது ஒரு வரி. நான் பிறந்ததிலிருந்து சின்னவனுடைய அக்கா பெண். கல்யாணத்துக்குப் பின்னும் சொந்தக்காரர்கள் வாயில் நான் அக்கா பெண்தான். அவள் பேனா அந்தச் சொல்லை எழுதி நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பணம் தாமதமில்லாமல் வந்தது. தம்பிகள் இரண்டு பேரும் வந்து கூப்பிட்டார்கள். "தனியா இன்னாத்துக்கு இங்க கஷ்டப்படற? எங்களோட வந்துடுக்கா" என்றார்கள். நல்ல பிள்ளைகள், மனதாரத்தான் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். பிள்ளையும் புனேக்குக் கூப்பிட்டான். அவனிடமும் அதையே சொன்னேன். என் அடுப்பு, என் அலமாரி, என் சாவிக்கொத்து. நாளை வெள்ளையடிக்கிறவர்களுக்குச் சுவர் நிறத்தைச் சொல்லப்போவதும் நான்தான்.

ஆனால் அம்மா, என்னோடு இருப்பது அந்தப் பணம் இல்லை, அது செலவாகிக்கொண்டிருக்கிறது. உன் வாயிலிருந்து எத்தனையோ பெயர்கள் எனக்கு வந்திருக்கின்றன. பாப்பா, கான்வென்ட்டுக்காரி, வீம்பு புடிச்சவ. "எங்க பொண்ணு" என்று யார் எதிரிலும் நீ சொன்னதில்லை. சொல்ல உனக்கு எதிர்ப்பக்கமே இருந்ததில்லை. அன்றைக்கு நீயாக ஓர் எதிர்ப்பக்கத்தை உண்டாக்கி, உயிருக்குயிரான தம்பியை அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, இந்தப் பக்கம் எனக்காக வந்து நின்றாய். எனக்கு அப்போது அறுபத்தைந்து தாண்டியிருந்தது. தலை முழுக்க நரைத்தபின் ஒருத்திக்குத் தாய்வீடு கிடைத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் யாரிடமும் சொல்வதில்லை. சில சாயங்காலங்களில் முன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது சமையலறைக் கதவைப் பாதி சாத்தி வைக்கிறேன். அவ்வளவுதான்.